கம்பிக் கூடைக்கு அடியில்

நிந்தவூர்
18.06.2025

நுஸ்ஹாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது நல்லது, அதனால் சொன்னேன். சுகமா என்று கேட்கமாட்டேன்.

இந்தப் பையைக் கல்முனை - பொத்துவில் பஸ்ஸில் கண்டக்டர் குணம் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். சாரன், சேட், காஸ்ரிக் குளிசை எல்லாம் வைத்திருக்கிறேன். குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டும். பின்னால் போட்டுவிட்டு மருந்து சரியில்லை என்று டொக்டரைத் திட்டவேண்டாம்.

நான் போன் எடுப்பதில்லை என்று உங்கள் கூட்டாளி முபீனிடம் குறைப்பட்டீர்களாம். எப்படி எடுப்பேன்? உங்கள் கூடப்பிறந்த ராத்தா வீட்டு முற்றத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால், "வல்லாஹி, இனி உங்களோட கதைக்க மாட்டன்" என்று ஆணையிட்டுவிட்டேன். ஆணை ஆணைதான். கதைப்பதற்குத்தான் ஆணை, எழுதுவதற்கு இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்பீர்கள். எழுதினால் நீங்கள் உடனே குரல் அனுப்புவீர்கள். உங்கள் குரலைக் கேட்டுவிட்டு என் வாய் சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்.

நடந்ததை நீங்கள் அங்கே வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதனால் நான் ஒருமுறை நேராக எழுதிவைக்கிறேன். கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோகிற வழியில் நான் இனிப்பாக அவித்து விற்கிற வட்டிலப்பம் வெக்கைக்குத் தண்ணிவிட்டுப் போகிறது என்று நான் அழுததால்தான், என் தம்பி றிபாத் கட்டாரிலிருந்து அந்தக் குட்டி பிறிஜைக் கொண்டுவந்து தந்தான். வேன் பெற்றரியிலும் ஓடும், வீட்டுக் கரண்டிலும் ஓடும். நீங்கள் உங்கள் வேனைக் கட்டிலும் அடுப்பும் வைத்து வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியதும், பிறிஜ் இல்லாத வேனை யார் எடுப்பார்கள் என்று கெஞ்சினீர்கள். கொடுத்தேன். ஹறாமானது ஒன்றும் அதற்குள் போகக்கூடாது என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். நீங்களும் மூடியில் இங்கிலீசில் எழுதி ஒட்டினீர்கள்.

பிறகு உங்கள் ராத்தா மகளின் கலியாணத்துக்கு அதே பிறிஜில் நான் வட்டிலப்பம் அடுக்கிக்கொண்டு அட்டாளைச்சேனைக்குப் போனேன். கோப்பைகளை எடுத்து முடிந்ததும் றுக்ஸானா ராத்தா கம்பிக் கூடையைத் தூக்கினா. அடியில் ஒரு பக்கற். மேலே பன்றிப் படம். "அல்லாஹ்வே! பண்டி இறைச்சி!" என்று அவ போட்ட சத்தம் பந்தலின் கடைசி வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாயில் வைத்த கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். விடியும்வரை அடுப்படியில் நின்று அவித்ததை எல்லாம் தோட்டத்தில் குழி வெட்டிக் கொட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேற்றுக்கு வெளியே வைத்த பிறிஜை நீங்கள் தூக்கிக்கொண்டு போனது நல்லது. அது இனி இந்த வீட்டுக்குள் வராது. நீங்களும் இப்போதைக்கு வரவேண்டாம்.

பஸ்மினா


பொத்துவில்
21.06.2025

அன்புள்ள பஸ்மினாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பை கிடைத்தது. குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்தான் போடுகிறேன்.

முபீனின் கெஸ்ட் ஹவுசுக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே வேனை நிறுத்தியிருக்கிறேன். இரவில் அதிலேயே படுக்கை. இந்தக் கட்டிலை அளந்து அடித்தவன் நான்தான். பிறிஜுக்கு இடம் விடவேண்டும் என்பதற்காக நீளத்தில் அரை அடி குறைத்தேன். இத்தனை வெள்ளைக்காரர் படுத்தார்கள், ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. இப்போது நான் முழங்காலை மடக்கிக்கொண்டு படுக்கும்போதுதான் அந்த உயரமான மனிசர்கள் எல்லாம் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று விளங்குகிறது.

பிறிஜும் என் காலடியில்தான் இருக்கிறது. தண்ணீர்ப் போத்தல்கூட அதற்குள் வைக்கவில்லை. மனம் வரவில்லை.

என் பக்கத்தையும் கேள், புள்ள. கடைசியாக வேனை எடுத்த சோடி திருப்பித் தந்ததும் நான் பிறிஜைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. சவர்க்காரத் துணியால் துடைத்தேன், மூடியைத் துடைத்தேன், ரப்பர் இடுக்கைக்கூடத் துடைத்தேன். கம்பிக் கூடையை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை. அதற்கு அடியில் நாலு விரல் இடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தூக்கவில்லை, அவ்வளவுதான். உன்னைக் கலியாணத்துக்கு நேரத்தோடு அனுப்பவேண்டும் என்ற அவசரம்.

மௌலவியிடம் கேட்டேன். பக்கற் உடையவில்லை, உறைக்குள் உறையாகச் சுற்றியிருந்தது, கோப்பைகளும் மூடியிருந்தன, வட்டிலப்பத்துக்கு ஒரு குற்றமும் இல்லை என்றார். குழியில் கொட்டியதுதான் வீண்விரயம் என்றார்.

இன்னொன்றும் கேட்டேன். உன் ஆணைக்குப் பரிகாரம் இருக்கிறதாம். பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு கொடுத்தால் ஆணையிலிருந்து நீங்கிக் கதைக்கலாமாம். பத்துப் பேருக்கு ஆக்குவது உனக்கு ஒரு வேலையா? கலியாணப் பந்திக்கே அவித்துப் போடுகிறவள் நீ. அரிசி, இறைச்சி நான் அனுப்புகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் மனதை அறுக்கிறது. "போங்க வெளிய" என்று சொன்னாய். உன் வீடு, நீ சொல்லலாம். நம் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை ஒரு உடுப்புப் பெட்டியோடு வருகிறவன். ஒன்பது வருஷமாக அது எனக்கு உறைத்ததே இல்லை. அன்றைக்குக் கேற்றில் நின்றபோது உறைத்தது. நான் பிறந்த வீடும் ராத்தாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. எனக்கென்று கதவு உள்ளது இந்த வேனுக்கு மட்டும்தான்.

நுஸ்ஹா என்னைக் கேட்கிறாளா?

முஸ்தாக்


நிந்தவூர்
27.06.2025

நுஸ்ஹாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கேட்கிறாள். வாப்பா வேனில் படுக்கிறார் என்று சொன்னேன். தானும் அங்கே வந்து படுக்கப்போவதாகச் சொல்கிறாள். அவளுக்கு அந்தக் கட்டில் நீளம் போதும்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். போங்கள் என்று சொன்னேன், மறுக்கவில்லை. கோபத்தில் சொன்னேன். வீடு என் பெயரில் இருக்கிறது என்ற நினைப்பில் சொல்லவில்லை. அந்த நேரம் வேனுக்குள் இருந்திருந்தால் வேனிலிருந்தும் உங்களை இறக்கித்தான் விட்டிருப்பேன். ஒன்பது வருஷமாகக் கூரையில் ஏறி ஓடு மாற்றியது யார்? மழைக்குக் கிணற்றடியில் மண் போட்டது யார்? சீதன உறுதியை யார் திறந்து பார்த்தார்கள்? நீங்களாக அதைப் பிடித்துக்கொண்டு வருத்தப்படுவதென்றால் படுங்கள்.

பரிகாரம் சொன்னீர்கள். நீங்கள் சொல்லும் முன்னமே நினைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் வாசலுக்கு வருகிற இப்றாஹிம் நானாவைத் தெரியும்தானே, நான் எது கொடுத்தாலும் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழும்புவார். போன வெள்ளி அவரை இருத்தி, இன்னும் ஒன்பது பேரைக் கூட்டிவாருங்கள், ஒரு சாப்பாடு இருக்கிறது என்றேன். மனிசன் நிலத்தைப் பார்த்தார். "இண்டைக்கு வயிறு சரியில்ல மகள். மறுகா ஒருநாள் பாப்பம்" என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அவருடைய வயிறு சரியில்லாமல் போனதை இந்த ஊரில் நான்தான் முதன்முதலில் கண்டேன்.

மௌலவி சொன்னதை எனக்கும் சொன்னார்கள். தலை கேட்கிறது, வயிறு கேட்கவில்லையே. வந்திருந்த இரண்டு கலியாண ஓடரும் போய்விட்டன. ஒருத்தி "மகளுக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது" என்றாள். ஒருத்தி ஒன்றும் சொல்லவில்லை, கடை ஐஸ்கிரீமுக்குச் சொல்லிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதெல்லாம் போகட்டும். செவ்வாய்க்கிழமை நுஸ்ஹா பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் கொண்டுவந்தாள். ஏன் மகள் என்றேன். "நான் துறந்தா அவங்க மூக்கப் பொத்துறாங்க உம்மா" என்றாள். உள்ளே இருந்தது புட்டும் வாழைப்பழமும். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அந்தப் புட்டை அவளோடு இருந்து சாப்பிட்டேன்.

என் கையால் சாப்பிட ஆள் இல்லை. ஆகவே ஆணை நீங்க வழியில்லை. ஏலாதவர்கள் மூன்று நோன்பு பிடிக்கலாமாம். அரிசி மூட்டையைச் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு, எனக்கு ஏலாது என்று அல்லாஹ்விடம் பொய் சொல்லவா?

பஸ்மினா


பொத்துவில்
02.07.2025

என் பஸ்மினாவுக்கு,

நுஸ்ஹாவின் சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி வாசித்துவிட்டு அன்றைக்கு நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் ஒரு முடிவோடு எழும்பினேன். அந்த முடிவின் கதையைத்தான் எழுதப்போகிறேன். முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படு.

பிறிஜ் பெட்டியைச் சுத்தம் செய்தால் ஊர் வாய் அடங்கும் என்று நினைத்தேன். பண்டி பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீர் என்று ஓதுகிற காலத்தில் படித்தோமே. மௌலவி சிரித்தார். "பக்கற்தானே தம்பி, அதுவும் உடையாத பக்கற். ஒருதரம் துடச்சாலே காணும்" என்றார். எனக்குக் காணவில்லை. குறை வைத்தோம் என்று ஒரு ஆள் சொல்லக்கூடாது.

கடற்கரை மணல் சரிவராது என்று பட்டது. வயல் பக்கம் போய் நல்ல மண்ணாகப் பார்த்து ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தேன். பெட்டியைக் கிணற்றடிக்குத் தூக்கினேன். முதல் தரமே மண். சேறாகக் கரைத்து உள்ளே, வெளியே, மூடியில், அடியில், பின்பக்கத்தில் எல்லாம் பூசித் தேய்த்தேன். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர். ஒவ்வொரு தரமும் கவிழ்த்துக் கவிழ்த்து ஊற்றினேன். ஏழும் முடிந்தபோது புதுச்சட்டி மாதிரி இருந்தது. வெயிலில் காயவைத்தேன். மனம் நிறைந்துபோய் உனக்குப் படம் எடுக்கப் போனையும் தூக்கினேன்.

பிறகு வயரைச் செருகினேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பச் செருகினேன். "டிக்" என்று ஒன்று, பிறகு ஒருவிதமான கருகல் மணம்.

பெட்டி இப்போது சுத்தம், புள்ள. உலகத்தில் அதைவிடச் சுத்தமான பிறிஜ் இல்லை. ஆனால் ஓடாது.

முபீன் தென்னையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், கழுவிக் கபனும் இட்டுட்டாய், இனி அடக்கம் பண்ற வேலதான்" என்றான். நான் சிரிக்கவில்லை. உன் தம்பி அங்கே வெயிலில் வேலைசெய்து வாங்கி, பிளேனில் மடியில் வைத்துக்கொண்டு வராத குறையாகக் கொண்டுவந்த சாமான். அதையும் கெடுத்துவிட்டேன். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை உடைக்கிற மனிசனாகவே ஆகிவிட்டேன்.

முஸ்தாக்


நிந்தவூர்
05.07.2025

நுஸ்ஹாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சிரித்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன். நான் தனியாக இருந்து சத்தம்போட்டுச் சிரித்ததைக் கேட்டு நுஸ்ஹா ஓடிவந்தாள். அந்தக் கலியாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதனால் உங்களுக்கு ஒரு பாதி மன்னிப்பு உண்டு, பிறிஜைக் கெடுத்ததற்கு மட்டும்.

மனிசனே, அது என்ன சட்டியா பானையா? பின்பக்கத்தில் காற்றுப்போகிற ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அதற்குள் மோட்டர் இருக்கிறது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே. வேன் எஞ்சினைக் கழட்டிப் பூட்டத் தெரிந்த ஆள் நீங்கள்! உள்பக்கம் மட்டும் கழுவியிருந்தால் போதாதா? ஆனால் நீங்கள் ஏன் அப்படித் தேய்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை.

றிபாத்திடம் இன்னும் சொல்லவில்லை. காரைதீவில் ஏசி, பிறிஜ் திருத்துகிற ஜீவராஜிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நம் வீட்டுப் பெரிய பிறிஜை அவர்தான் உயிர்ப்பித்துத் தந்தார்.

இன்னொன்று. இதை எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஊர் சொன்னதில் எனக்கு அவ்வளவு நோவில்லை. ஊர் அப்படித்தான். உங்கள் ராத்தா என்னை ஒருதரம் பக்கத்தில் கூப்பிட்டு, மூடியை மூடிவிட்டு, மெல்லமாகச் சொல்லியிருக்கலாம். அவவின் கடைசிப் பிள்ளைப்பேறுக்கு நாற்பது நாளும் நான்தான் போய் ஆக்கிக் கொடுத்தேன். அந்தக் கை பொய்யான கை இல்லை என்று அவவுக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினா. அதுதான் இன்னும் ஆறவில்லை.

பஸ்மினா


பொத்துவில்
16.07.2025

பஸ்மினாவுக்கு,

பெட்டி உயிர்த்துவிட்டது. ஜீவராஜ் பின்மூடியைக் கழட்டினார். உள்ளே காற்றாடி முழுக்கச் சேறு காய்ந்து கிடந்தது. என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன முஸ்தாக், இதுக்குள்ள வேளாண்மையா செஞ்ச நீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பிறகு அவர் சிரிக்கவில்லை. பல் துலக்குகிற பிறஷ் ஒன்றை எடுத்துத் துளித் துளியாக மண்ணைத் தட்டினார். ஒரு போர்ட் எரிந்துபோயிருந்தது, அதை மாற்றினார். இப்போது முன்னைவிட நன்றாகக் குளிர்கிறது.

அந்த வெள்ளைக்காரச் சோடிக்கு நான் செய்தி அனுப்பியிருந்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள், மூடியில் எழுதியிருந்ததை வாசிக்கவில்லையா என்று கொஞ்சம் காரமாகத்தான் கேட்டேன். அந்தப் பெண் பதில் போட்டிருக்கிறாள். வாசித்தார்களாம். பக்கற்றை அதற்கு முன்னமே வாங்கிவிட்டார்களாம், எறிய மனமில்லையாம். என் கண்ணில் பட்டால் எனக்கு மனம் நோகும் என்று மூன்று உறைக்குள் சுற்றி, கூடைக்கு அடியில் ஒளித்துவைத்தார்களாம். பிறகு மறந்துபோனார்களாம். என் மனம் நோகக்கூடாது என்று செய்த வேலை, பார்த்தாயா. நான் யாரோடு கோபிப்பது? இனி வாடகைக்காரருக்கு ரெஜிபோம் பெட்டியும் ஐஸும்தான். றிபாத்தின் பிறிஜ் உன்னுடையது, உன்னிடமே வரும்.

வருகிற வழியில் அட்டாளைச்சேனையில் இறங்கி ராத்தாவைப் பார்த்தேன். நீ எழுதியதை அப்படியே சொன்னேன், நாற்பது நாள் கதையையும். அவள் முகம் மாறியது. "மாப்பிள ஊட்டாக்கள் என்ட புள்ளய ஒரு மாதிரிப் பாத்தாங்கடா. எனக்கு அந்த நேரம் கண் தெரியல்ல" என்றாள். சரி, இப்போது தெரிகிறதுதானே, வந்து பஸ்மினாவிடம் ஒரு வார்த்தை சொல்லு என்றேன். "வாயால உட்டத்த ஊர் ஊராப் போய் அள்ள ஏலுமா?" என்றாள். நான் எழும்பிவிட்டேன். தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள், குடிக்காமல் வந்துவிட்டேன். ராத்தா வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் வந்தது இதுதான் முதல் தடவை.

குணம் அண்ணனின் பஸ்ஸிலேயே பெட்டியை அனுப்புகிறேன். டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற சிகரெட் லைட்டர் துளையில் செருகிக்கொண்டு வருவார். உள்ளே ஒரு சட்டி எருமைத் தயிர், நுஸ்ஹாவுக்கு. நீ தொடமாட்டாய் என்றால் பரவாயில்லை, வாசலில் வைத்தே அவளுக்குக் கொடு.

முஸ்தாக்


நிந்தவூர்
21.07.2025

நுஸ்ஹாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பெட்டியைக் கேற்றடியில் இறக்கிவைத்துவிட்டுக் குணம் அண்ணன் போனார். நான் உள்ளே எடுக்கவில்லை. நுஸ்ஹா அதன் மேல் ஏறி இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தால் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் "எங்கட வாப்பா இத ஏழு தரம் கழுவின" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தயிரை இரண்டு பேரும் அங்கேயே இருந்து சாப்பிட்டோம்.

பெட்டியின் மூலையில், ரப்பருக்கு அடியில், இன்னும் ஒரு பொட்டு மண் இருக்கிறது. ஜீவராஜின் பிறஷுக்கும் அகப்படவில்லை. அதை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அடுப்பை மூட்டினேன். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய், எல்லாம் வீட்டில் இருந்ததுதான். ஓடர் ஒன்றும் இல்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அந்தப் பெட்டிக்குள்ளேயே கோப்பைகளை அடுக்கிக் குணம் அண்ணனிடம் திரும்பக் கொடுத்துவிடுகிறேன். ஊர் சாப்பிடாவிட்டால் போகட்டும். நீங்களும் முபீன் வீட்டாரும் சாப்பிடுங்கள். கஜுப் பருப்புக் கூடப் போட்ட கோப்பைகள் மேலே இருக்கின்றன, உங்களுக்கு.

நேற்று இரவு நுஸ்ஹாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல். இப்போது விட்டுவிட்டது. உங்களைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன், ஆணை ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன். ஆணையிடும்போது இப்படி ஒரு இரவு வரும் என்று யோசிக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு நீங்கள் வேண்டும். ஆனால் பத்துப் பேர் என் கையால் சாப்பிடாமல் நான் வாய் திறக்கமுடியாது.

பஸ்மினா


பொத்துவில்
22.07.2025

பஸ்மினா, என் புள்ள,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்தால் மன்னித்துக்கொள். நேற்றுப் பின்னேரம் பெட்டி வந்தது. ஒரு பக்கம் குணம் அண்ணன் பிடித்திருந்தார், மறுபக்கம் யார் பிடித்துக்கொண்டு வந்தது என்று நினைக்கிறாய்? றுக்ஸானா ராத்தா.

நான் தேத்தண்ணி குடிக்காமல் வந்தது அவளை உறங்கவிடவில்லையாம். என்னைப் பார்த்துப் பேசிவிட்டு, பிறகு உன்னிடம் வருவதாக நினைத்து அட்டாளைச்சேனையில் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். டிரைவர் பக்கத்தில் பெட்டி இருந்ததைக் கண்டதும் பின் சீட்டில் போய் இருந்துவிட்டாளாம்.

திருக்கோவில் தாண்டி, கோமாரிக்கு இங்கால், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. நடுப்பகல். திருக்கோவிலில் ஏறிய நல்லரெத்தினம் மாஸ்டர், சீனி வருத்தக்காரர், காலையில் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தவர். கொஞ்சநேரத்தில் மனிசனுக்கு வேர்த்து ஒழுகிக் கை கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. இனிப்பாக ஏதாவது வேண்டும், ஆரிடமாவது இருக்கிறதா என்று குணம் அண்ணன் கேட்டார். ஒருவரிடமும் இல்லை. குணம் அண்ணனுக்கே உன் வட்டிலப்பம் ஞாபகம் வந்தது.

பெட்டியைத் திறக்கப்போனதும் முன் சீட்டில் இருந்த ஒருத்தி, "அந்தக் கலியாண ஊட்டுப் பெட்டிதானே இது?" என்றாளாம். பஸ் முழுக்கக் குசுகுசுப்பு. பக்கத்தில் இருந்த மற்றவள் சொன்னாளாம், "பரவால்ல, மாஸ்டருக்குக் குடுங்க. அவங்களுக்கு இதுல பிரச்சின இல்லதானே."

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் ராத்தா எழும்பினாளாம். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "ஓம், அதே பெட்டிதான். அதத் துறந்து கத்தினவளும் நான்தான்" என்றாள். ஒரு கோப்பையை எடுத்து மாஸ்டரின் வாயில் ஊட்டினாள். இன்னொன்றை எடுத்து, எல்லாரும் பார்க்க, நின்றபடியே தான் சாப்பிட்டாள். பாதியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டதாம். அழுதுகொண்டே வழித்துச் சாப்பிட்டாள் என்று குணம் அண்ணன் சொல்கிறார். "நமக்கு மட்டும் என்ன பிரச்சின? என்ட மதினிர கை இது. நான்தான் அந்தக் கையில மண்ணப் போட்டன். இந்தாங்க, ஆருக்கு வேணும்?"

மாஸ்டருக்கு நடுக்கம் நின்றது. "ஆர் பிள்ளை இதைச் செஞ்சது? இன்னும் ஒண்டு இருக்கா?" என்று கேட்டாராம். சீனி வருத்தக்காரர், வேண்டாம் என்று ராத்தா சொல்லிவிட்டாள். அதற்குள் கைகள் நீளத் தொடங்கிவிட்டன. முதலில் குசுகுசுத்த அந்த முன் சீட்டுக்காரியும் வாங்கினாள். கரண்டி இல்லை, விரலால் வழித்தார்கள்.

ராத்தா இரவு முபீன் வீட்டில் தங்கினாள். நாளைக்கு உன்னிடம் வருகிறாள். அவளை வாசலில் வைத்துக் கதைக்காதே, உள்ளே கூப்பிடு.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் சாப்பிட்டவர்கள் ஏழைகள் இல்லை, ஆணைக்கு அது கணக்கில் வராது என்று எனக்குத் தெரியும். பெட்டியைத் திறந்தேன். கூடையைத் தூக்கியும் பார்த்தேன். உன் கடிதம் மட்டும் இருந்தது, ஒரு கோப்பைகூட மிச்சம் இல்லை. நீ எனக்கென்று கஜு கூடப் போட்டதையும் பஸ் தின்றுவிட்டது. பஸ்மினா, எனக்குக் கிடைக்காமல் போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்.

நுஸ்ஹாவுக்குக் காய்ச்சல் திரும்ப வந்தால் குணம் அண்ணனிடம் சொல்லு. நான் இரவோடிரவாக வந்து கேற்றடியில் நிற்பேன், உள்ளே வரமாட்டேன்.

பெட்டியை ராத்தாவோடு அனுப்புகிறேன்.

முஸ்தாக்


நிந்தவூர்
26.07.2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறீர்களா? மடக்கிப் படுத்த கால் நோவு எப்படி?

உங்கள் ராத்தா வந்தா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போய் வைத்துவிட்டு, பிறகுதான் என் முகத்தைப் பார்த்தா. அவ வெங்காயம் உரித்தா, நான் அடுப்பை மூட்டினேன். கொஞ்சநேரம் போனதும் "வெங்காயம் கண்ணுக்குக் கூடாதுகா" என்று சொல்லிக்கொண்டு அழுதா. நானும் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

நேற்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வாசலில் இப்றாஹிம் நானா நின்றார். நான் கூப்பிடவில்லை. பஸ்ஸின் கதை அவருக்கு முன்னமே போய்விட்டது போல. "வயிறு சரியாப் போச்சு மகள்" என்றார். பின்னால் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், பத்துக்கும் கூட. சோறு, மாட்டிறைச்சி, பருப்பு, கடைசியில் வட்டிலப்பம். நுஸ்ஹாதான் கோப்பைகளைப் பரிமாறினாள். சட்டியை வழித்த சத்தம் எனக்குக் கேட்டது.

மௌலவியிடம் கேட்டுவிட்டேன். ஆணை தீர்ந்தது. இனி உங்களோடு கதைக்கலாம். ஆனாலும் போன் எடுக்கமாட்டேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த முதல் வார்த்தையைப் போனில் சொல்லி வீணாக்க விருப்பமில்லை. பெட்டி உள்ளே வந்துவிட்டது, இனி நீங்கள்தான் வெளியே. யார் வீடு என்று கேற்றில் நின்று யோசிக்கவேண்டாம், நேரே வாருங்கள். கால் நீட்டிப் படுக்க இங்கே இடம் இருக்கிறது.

உங்கள் பங்கைப் பஸ் தின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கோப்பை வைத்திருக்கிறேன், கஜு கூடப் போட்டது. நுஸ்ஹாவின் கண்ணில் பட்டால் மிஞ்சாது என்று ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன். வந்து நீங்களே எடுங்கள். மறக்காமல் கூடையைத் தூக்கிப் பாருங்கள்.

பஸ்மினா